1021-ம் போர்ட்டைப் படிக்கறது அவ்ளோ ஈசியா? பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸும் வேற வேற ப்ராசசர்களும்

லினக்ஸோ நெட்பிஎஸ்டியோ (ரெண்டும் இலவச ஓஎஸ்), ஏதோ ஒரு கெர்னலோட, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதியோட சோர்ஸை இறக்கி உள்ள நோண்டிப் பாத்தவங்களுக்கு இந்த சந்தேகம் வந்திருக்கும். ஐஎஸ்ஏ பஸ்ங்கறது 1981-ல வந்த ஐபிஎம் பிசியோட ஸ்லாட்டு, 1984-ல பிசி ஏடி வந்தப்போ 16 பிட்டா வளந்தது, முழுக்க முழுக்க இன்டெல் ப்ராசசரை மனசுல வச்சு செஞ்ச சரக்கு. அப்புறம் ஏன் ஆல்ஃபா, மிப்ஸ், பவர்பிசி, ஆர்ம்னு சம்பந்தமே இல்லாத ப்ராசசர்களோட ஃபோல்டர்லயும் ஐஎஸ்ஏன்னு பேர் போட்ட ஃபைல் கிடக்குது?

காரணம் ரொம்ப சிம்பிள், காசு. 90கள்ல டிஇசி, ஐபிஎம், மோட்டோரோலா மாதிரி கம்பெனிங்க புதுசா ஒரு ப்ராசசர் செஞ்சு அதைச் சுத்தி மெஷின் கட்டும்போது கீபோர்டு, சீரியல் போர்ட், ஃப்ளாப்பி, பிரிண்டர் போர்ட்டுன்னு சின்னச் சின்ன சமாச்சாரத்துக்கெல்லாம் தனியா சிப் செய்ய யாருக்கும் மனசு வரல, பிசி மார்க்கெட்ல அதெல்லாம் சல்லிசா கொட்டிக் கிடந்தது. இன்டெலோட 82378-ன்னு ஒரு பிரிட்ஜ் சிப், ஒரு பக்கம் பிசிஐ (ஐஎஸ்ஏக்கு அப்புறம் வந்த பஸ்), மறுபக்கம் ஐஎஸ்ஏ, உள்ளயே ரெண்டு இன்டரப்ட் கன்ட்ரோலரும் (டிவைஸ் ப்ராசசரைக் கூப்பிடறதை கவனிக்கறது) டிஎம்ஏ கன்ட்ரோலரும் (டிவைஸும் மெமரியும் நேரா டேட்டா மாத்திக்க உதவறது) அடக்கம். அதே சிப் ஆல்ஃபா மெஷின்லயும் உக்காந்துச்சு, ப்ரெப்னு ஒரு பொது டிசைன்ல செஞ்ச பவர்பிசி மெஷின்லயும் உக்காந்துச்சு. போர்டு டிசைன் பண்ணவங்களுக்கு வேலை முடிஞ்சது, ஓஎஸ் எழுதறவங்களுக்கு தலைவலி ஆரம்பிச்சது.

நம்ம கண்ணுக்கு பஸ்னா மதர்போர்டுல இருக்கற ஒரு ஸ்லாட். ஓஎஸ்ஸுக்கு அந்த ஸ்லாட்டெல்லாம் தெரியாது. அதுக்கு வேண்டியது வேற: டிவைஸ்கிட்ட பேசணும்னா எந்த அட்ரஸ்ல பேசறது, வேலை முடிஞ்சதும் டிவைஸ் எந்தக் கம்பி வழியா கூப்பிடும், டிவைஸ் நேரா மெமரில எழுதணும்னா அதுக்கு எந்த அட்ரஸைத் தர்றது, இதுக்கெல்லாம் முன்னாடி அங்க டிவைஸ்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. இந்த நாலுமே ஐஎஸ்ஏல கோணல்தான். ஏன்னா அது யாரும் நிதானமா உக்காந்து யோசிச்சு எழுதின ஸ்டாண்டர்டு இல்ல, 8088 ப்ராசசரோட சிக்னல்களை (20 அட்ரஸ் லைன், 8 டேட்டா லைன், மெமரி ரீட் ரைட், ஐஓ ரீட் ரைட்) கிட்டத்தட்ட அப்படியே வெளிய இழுத்து ஸ்லாட்ல விட்டுட்டாங்க. அதனால அந்த ப்ராசசரோட பழக்கவழக்கம் எல்லாம் பஸ்ஸோட சட்டமாவே ஆயிடுச்சு. அப்போ வேற ப்ராசசர்ல ஐஎஸ்ஏ கார்டை ஓட்டறதுன்னா, அந்தக் கார்டை 'நீ இன்னும் 8088 பக்கத்துலதான் இருக்க'ன்னு நம்ப வைக்கணும், டிரைவரை (கார்டை ஓட்டற கோடு) 'கார்டு எங்க இருந்தா உனக்கென்ன'ன்னு நம்ப வைக்கணும். ரெண்டு பக்கமும் நடிக்கற வேலை ஓஎஸ்ஸோடது.

அட்ரஸ்லேர்ந்து ஆரம்பிப்போம், விஷயம் நிறைய இருக்கறது இங்கதான். சீரியல் போர்ட்டை எடுத்துக்கங்க, 16550-ன்னு அந்தக் காலத்து சிப், இன்னைக்கும் சாகல. அதுக்குள்ள 8 ரிஜிஸ்டர், அதாவது படிக்க எழுத சின்னச் சின்ன பெட்டி, 0-லேர்ந்து 7 வரைக்கும் நம்பர். பிசில முதல் சீரியல் போர்ட் ஹெக்ஸ்ல 3எஃப்8-ல இருக்கும், சாதா நம்பர்ல சொன்னா 1016. ஒரு எழுத்தை வெளிய அனுப்பணும்னா முதல்ல 5-ம் ரிஜிஸ்டரை, அதாவது 1021-ம் போர்ட்டைப் (இங்க போர்ட்னா டிவைஸ்கிட்ட பேசற அட்ரஸ் நம்பர்) படிக்கணும், அதுல 5-ம் பிட் (இதுவும் 0-லேர்ந்து எண்ணினா) 1-ஆ இருந்தா 'அனுப்பலாம், இடம் காலி'ன்னு அர்த்தம், அப்புறம் எழுத்தை 1016-ல எழுதிட வேண்டியதுதான். அவ்ளோதான் வேலை. இப்போ அந்த 1021-ஐ மட்டும் எப்படிப் படிக்கறதுன்னு பாப்போம்.

எக்ஸ்86-ல இதுக்குன்னு 'இன்', 'அவுட்'னு ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு. மெமரி அட்ரஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, 65536 போர்ட் கொண்ட தனி உலகம் அது (பழைய ஐஎஸ்ஏ கார்டுங்க பாதிக்கு மேல அதுல கீழ் 10 பிட்டை மட்டும்தான் பாக்கும், அதனால நிஜத்துல 1024 போர்ட்டுக்குள்ளதான் எல்லாரும் அடிச்சுப்பாங்க). ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல 1021-ஐப் படிச்சுட்டுப் போயிடலாம்.

மிப்ஸ்ல அந்த மாதிரி இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. எல்லாமே மெமரி அட்ரஸ்தான். அதனால போர்டு செய்யறவங்க மெமரி மேப்ல ஒரு ஜன்னலைத் திறந்து விடுவாங்க, அதுக்குள்ள எந்த அட்ரஸைத் தொட்டாலும் பிரிட்ஜ் சிப் அதை ஐஓ போர்ட் கேட்டதா மாத்தி ஐஎஸ்ஏ பக்கம் அனுப்பும். மால்ட்டான்னு ஒரு மிப்ஸ் போர்டு இருக்கு, க்யூஎமு எமுலேட்டர்ல இன்னைக்கும் ஓட்டிப் பாக்கலாம், அதுல இந்த ஜன்னல் ஹெக்ஸ் 18000000-ல ஆரம்பிக்குது. அதோட 1021-ஐக் கூட்டினா வர்ற அட்ரஸ்ல ஒரு பைட் லோடு பண்ணா போதும். பவர்பிசி ப்ரெப் மெஷின்ல அதே ஜன்னல் ஹெக்ஸ் 80000000-ல. தெருவுல வீட்டுக்கு பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு எழுதியிருப்பாங்களே அந்த மாதிரி, சிப்புக்குத் தெரிஞ்சது பழைய நம்பர் 1021 மட்டும்தான், ப்ராசசருக்குத் தெரிஞ்சது புது நம்பர் மட்டும்தான், நடுவுல பிரிட்ஜ் மாத்திக் கொடுக்குது.

இது வரைக்கும் வெறும் கூட்டல்தான், பரவால்ல. ஆல்ஃபாக்கு வாங்க. 1992-ல டிஇசி கொண்டுவந்த அந்த ப்ராசசர் அன்னைக்கு எல்லாரையும் வாயைப் பொளக்க வச்ச வேகம், ஆனா முதல் தலைமுறை ஆல்ஃபால ஒரு பைட்டை மட்டும் படிக்கறதுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது! 32 பிட் இல்லைன்னா 64 பிட், அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. சாதா மெமரில இது பிரச்சினை இல்ல, நாலு பைட்டா எடுத்து வேணுங்கற பைட்டை உள்ள பிரிச்சுக்கலாம். டிவைஸ்ல அப்படிப் பண்ண முடியாது, ஏன்னா சில ரிஜிஸ்டரைப் படிச்சாலே உள்ள ஏதாவது மாறிடும், 16550-ல ஒரு ரிஜிஸ்டரைப் படிச்சா வந்து சேந்த எழுத்து க்யூலேர்ந்து போயிடும், பக்கத்து ரிஜிஸ்டரைப் படிக்கப் போய் இதைத் தெரியாம தொட்டா டேட்டா காலி.

அதுக்கு டிஇசிகாரங்க பண்ண ஏற்பாடு ஸ்பார்ஸ் ஸ்பேஸ். போர்ட் நம்பரை 5 பிட் இடது பக்கம் தள்ளு, அதாவது 32-ஆல பெருக்கு. இப்போ கீழ 5 பிட் காலியா கிடக்கும், அந்தக் காலி இடத்துல 'எனக்கு எத்தனை பைட் வேணும்'ங்கற தகவலை சொருகு: ஒரு பைட்னா 0, ரெண்டுன்னா 8, நாலுன்னா ஹெக்ஸ் 18. ஆக 1021-ஐப் படிக்கணும்னா 1021 பெருக்கல் 32, 32672, அதை ஜன்னலோட ஆரம்பத்தோட கூட்டி அங்க 32 பிட் லோடு பண்ணணும். வர்ற நாலு பைட்ல நமக்கு வேண்டியது முதல் பைட்ல வராது, 1021-ஐ 4-ஆல வகுத்தா மீதி 1, அதனால ரெண்டாவது பைட்ல உக்காந்திருக்கும், அதைப் பிரிச்சு எடுக்கணும். ஐஎஸ்ஏ பக்கம் ஒரே ஒரு பைட், ப்ராசசர் பக்கம் அதுக்கு 32 பைட் இடம் காலி. போதாக்குறைக்கு ஆல்ஃபா மெஷின் எல்லாமே இப்படி இல்ல, ஜென்சன்னு சொல்ற முதல் ஆல்ஃபா பிசியோட இஐஎஸ்ஏ பஸ்ல (ஐஎஸ்ஏவோட 32 பிட் வாரிசு) 7 பிட் தள்ளணும். அப்புறம் வந்த 21164ஏ-ங்கற ஆல்ஃபால பைட் படிக்கற இன்ஸ்ட்ரக்ஷனை சேத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள பழைய மெஷின் எல்லாம் ஊருக்குள்ள போயிடுச்சே.

இதுல ஆர்ம் மாதிரி போர்டுங்க தனி ரகம். அங்க அதே 16550 இருக்கும், ஆனா 8 ரிஜிஸ்டரும் அடுத்தடுத்த பைட்ல இருக்காது, நாலு நாலு பைட் தள்ளி இருக்கும். 5-ம் ரிஜிஸ்டரைப் படிக்க 20 பைட் தள்ளிப் போகணும். சிப் அதேதான், கம்பி இழுத்த விதம்தான் வேற.

இப்போ டிரைவர் எழுதறவரை நினைச்சுப் பாருங்க. நெட்பிஎஸ்டி 1993-ல 386பிஎஸ்டி-லேர்ந்து பொறந்தது, பேர்லயே 386 இருக்கு, அதனால டிரைவருக்குள்ள நேரடியா 'இன்' 'அவுட்' இன்ஸ்ட்ரக்ஷன்தான். ஆல்ஃபாக்கு கொண்டு போகணும்னா ஒரு வழி, ஒவ்வொரு டிரைவர்லயும் 'ஆல்ஃபான்னா இப்படி, மிப்ஸ்னா அப்படி'ன்னு நிபந்தனை போட்டுக்கிட்டே போறது. பத்து ப்ராசசர், நூறு டிரைவர், யார் சாமி இதைப் பராமரிக்கறது.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் பஸ் ஸ்பேஸ். நெட்பிஎஸ்டியை ஆல்ஃபாக்கு கொண்டு போன கிறிஸ் டெமெட்ரியு இதுல முக்கியமான ஆள். முதல்ல 1.2 வெர்ஷன்ல (1996) ஐஓ போர்ட்டுக்கு ஒரு செட் ஃபங்ஷன், மெமரிக்கு இன்னொரு செட்னு வச்சாங்க, அப்புறம் 1.3-க்கு (1998) ரெண்டையும் ஒண்ணா கலந்துட்டாங்க. அந்தக் கலந்ததுதான் என்னைப் பொறுத்தவரை மாஸ்டர் ஸ்ட்ரோக். இப்போ டிரைவர்கிட்ட ரெண்டு விஷயம் கையில இருக்கும், ஒண்ணு டேக், இன்னொண்ணு ஹேண்டில். டேக்னா 'இது எந்த மாதிரி உலகம், அதுல எப்படிப் பேசணும்'. ஹேண்டில்னா 'அந்த உலகத்துல என்னோட இடம் எங்க ஆரம்பிக்குது'. டிரைவர் 'இந்த டேக், இந்த ஹேண்டில், 5-ம் ரிஜிஸ்டர், ஒரு பைட் படி'ன்னு மட்டும் கேக்கும். அன்னைய எக்ஸ்86-ல டேக் வெறும் 0 அல்லது 1, 0-ன்னா போர்ட், 1-ன்னா மெமரி. ஆல்ஃபால டேக்குக்குள்ள ஒரு கட்டு ஃபங்ஷன் பாயின்டரே இருக்கும், அந்த 32-ஆல பெருக்கற கூத்தெல்லாம் அங்க ஒளிஞ்சிருக்கும். டிரைவர் உள்ள எட்டிப் பாக்கவே கூடாது, அது ரூல்.

இதனால கோடு ரெண்டா பிரிஞ்சது. 16550-ஐ எப்படி ஓட்டறதுன்னு தெரிஞ்ச பெரிய ஃபைல் ஒண்ணு, அதுக்கு எந்த பஸ்ஸும் தெரியாது. 'ஐஎஸ்ஏல இருந்தா அட்ரஸை இப்படி மேப் பண்ணு, இன்டரப்ட்டை இப்படி மாட்டு'ன்னு சொல்ற குட்டி ஃபைல் ஒண்ணு, பிசிஎம்சிஐஏ-க்கு (லேப்டாப்ல கார்டு சொருகற ஸ்லாட்) இன்னொரு குட்டி ஃபைல். என்இ2000 நெட்வொர்க் கார்டுக்கும் இதே கதைதான், ஐஎஸ்ஏ, பிசிஐ, பிசிஎம்சிஐஏ எல்லாத்துக்கும் மூளை ஒண்ணு, வாசல்தான் வேற வேற.

லினக்ஸ் வேற ரூட் புடிச்சது. அங்க 'இன்பி', 'அவுட்பி' (போர்ட்ல ஒரு பைட் படிக்க, எழுத)ங்கற பேரையே வச்சுக்கிட்டு ஒவ்வொரு ப்ராசசரும் அதுக்குத் தன்னோட அர்த்தம் கொடுத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க, அதாவது எல்லா மெஷினும் பிசி மாதிரி வேஷம் போடணும். பழைய டிரைவரை மாத்தாமயே கம்பைல் பண்ணலாம், அது பெரிய லாபம்தான், மறுக்க முடியாது. ஆனா ஒரு மெஷின்ல ரெண்டு பிசிஐ பிரிட்ஜ் இருந்து ரெண்டுக்கும் தனித்தனி ஐஓ உலகம் இருந்தா, 1021-ன்னு மொட்டையா சொன்னா எந்தப் பக்கத்து 1021? அதுக்கு போர்ட் நம்பரோட ஒரு பெரிய ஆஃப்செட்டைக் கூட்டி ஒட்டு போட வேண்டி வந்தது. டேக் இருந்தா இந்தக் கேள்வியே எழாது.

அட்ரஸ் சரியா வந்துட்டா எல்லாம் முடிஞ்சதா? இல்ல. பவர்பிசியும் ஆல்ஃபாவும் எழுதச் சொன்ன வரிசையிலயே எழுதும்னு நம்ப முடியாது, வேகத்துக்காக முன்ன பின்ன மாத்திக்கும். மெமரிக்கு ஓகே, டிவைஸுக்கு 'முதல்ல கமாண்ட், அப்புறம் டேட்டா'ன்னு இருக்கறதை மாத்தினா போச்சு. அதனால நடுவுல ஒரு பேரியர், அதாவது 'இது வரைக்கும் உள்ளதை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ'ன்னு ஒரு தடுப்பு போடணும், பவர்பிசில இதுக்குன்னே 'ஈஐஈஐஓ'-ன்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு (நிஜமாவே அதான் பேரு).

எண்டியன் பிரச்சினை இன்னும் நுணுக்கம். ஐஎஸ்ஏ லிட்டில் எண்டியன் (நம்பரோட சின்ன பைட் முதல்ல), பவர்பிசி அன்னைக்கு பெரும்பாலும் பிக் எண்டியன்ல (பெரிய பைட் முதல்ல) ஓடும். அப்போ 16 பிட் படிக்கும்போதெல்லாம் ரெண்டு பைட்டையும் மாத்திப் போட்டா சரியாயிடும்னு தோணும். ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பரைப் படிச்சா அது சரிதான். ஆனா என்இ2000 கார்டுலேர்ந்து ஒரு பாக்கெட்டைப் படிக்கறீங்கன்னு வைங்க, ஒரே டேட்டா போர்ட்டைத் திரும்பத் திரும்ப 16 பிட்டா படிக்கணும். அது நம்பர் இல்ல, பைட் வரிசை. அதை நம்பரா நினைச்சு மாத்திட்டு பிக் எண்டியன் மெமரில வச்சா முதல் பைட்டும் ரெண்டாவது பைட்டும் இடம் மாறி பாக்கெட்டே நாசம். அதனால பஸ் ஸ்பேஸ்ல ஸ்ட்ரீம்னு பேர் வச்சு மாத்தாம படிக்கற ஃபங்ஷனும் தனியா இருக்கு. புதுசா எழுதறவங்க எக்ஸ்86-ல மட்டும் டெஸ்ட் பண்ணா இந்த ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, எது போட்டாலும் ஓடும், அதான் இதுல ஆபத்து.

அடுத்து டிஎம்ஏ. ஃப்ளாப்பி (2-ம் சேனல்), சவுண்ட் பிளாஸ்டர் (வழக்கமா 1-ம் சேனல்) எல்லாம் ப்ராசசரைத் தொந்தரவு பண்ணாம நேரா மெமரில எழுதும். ஆனா 16 பிட் ஐஎஸ்ஏல அட்ரஸ் லைன் 24 தான், அதாவது 16 எம்பிக்கு மேல மெமரி இருக்குன்னே அதுக்குத் தெரியாது. போதாததுக்கு 8237 டிஎம்ஏ சிப் 16 பிட் வரைக்கும்தான் எண்ணும், மேல் பிட்டு தனியா ஒரு பேஜ் ரிஜிஸ்டர்ல நிக்கும், அதனால 8 பிட் சேனல்ல ஒரு டிரான்ஸ்ஃபர் 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா எரர் எதுவும் வராது, சுத்தி வந்து அந்த 64 கேபியோட ஆரம்பத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சுடும்.

பிசில இதுக்கு பவுன்ஸ் பஃபர், கீழ 16 எம்பிக்குள்ள ஒரு இடத்தை ஒதுக்கி வச்சு டிவைஸை அங்க எழுத வச்சு அப்புறம் காப்பி பண்ணிக்கறது. லினக்ஸ்ல டிஎம்ஏ ஜோன்னு முதல் 16 எம்பியை எக்ஸ்86-ல தனியா பிரிச்சு வச்சதே இதுக்குத்தான். ஆல்ஃபால நிலைமை வேற, பிரிட்ஜுக்குள்ளயே ஒரு டேபிள் இருக்கு, டிவைஸ் 16 எம்பிக்குக் கீழ எழுதறதா நினைச்சுக்கும், பிரிட்ஜ் அதை மெமரில எங்க வேணா திருப்பி விடும், காப்பியே வேண்டாம். பல மிப்ஸ், ஆர்ம் மெஷின்ல சிக்கல் கேஷ்ல (ப்ராசசர் வேகத்துக்காக மெமரியோட காப்பியைப் பக்கத்துல வச்சுக்கற இடம்): டிவைஸ் மெமரில எழுதினது ப்ராசசர் கேஷுக்குத் தெரியாது, பழைய டேட்டாவையே படிச்சுக்கிட்டு இருக்கும்.

மூணு மெஷின், மூணு விதமான தொல்லை. 1998 யூஸ்னிக்ஸ் மாநாட்டுல ஜேசன் தார்ப்ங்கறவர் (அப்போ நாசா ஏம்ஸ்ல இருந்தார்) பஸ் டிஎம்ஏ-ன்னு நெட்பிஎஸ்டிக்கு செஞ்ச ஏற்பாட்டைப் பத்தி பேப்பர் கொடுத்தார். டிரைவர் டிஎம்ஏக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சப்புறம் ஒரு தடவை சிங்க்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடணும், 'படிக்கப் போறேன்', 'படிச்சு முடிச்சாச்சு'ன்னு சொல்லிட்டு. பவுன்ஸ் பஃபர் வேண்டிய பிசில அந்த சிங்க்தான் காப்பி பண்ணும், ஆர்ம்ல கேஷை சுத்தம் பண்ணும், ஆல்ஃபால ஒரு பேரியரோட முடிச்சுக்கும். டிரைவர்ல வரி ஒண்ணுதான். சிங்க் கூப்பிட மறந்த டிரைவர் பிசில பல வருஷம் நல்லா ஓடிட்டு ஆர்ம்ல போட்ட அன்னைக்குத்தான் பல்லிளிக்கும்.

இன்டரப்ட் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். சீரியல் போர்ட்டுக்கு ஐஆர்க்யூ 4-ன்னா (இன்டரப்ட் நம்பர் 4) அது பிரிட்ஜுக்குள்ள இருக்கற 8259 கன்ட்ரோலரோட 4-ம் கால், ப்ராசசரோடது இல்ல. 8259-லேர்ந்து ஒரே ஒரு கம்பிதான் ஆல்ஃபாக்கோ மிப்ஸுக்கோ போகும், கெர்னல் திரும்ப வந்து 8259-ஐக் கேட்டு 'யார் கூப்பிட்டது'ன்னு தெரிஞ்சுக்கணும். ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணு, ஐஎஸ்ஏ இன்டரப்ட் எட்ஜ் ட்ரிகர் (சிக்னல் மாறற அந்த நொடியை மட்டும் கவனிக்கும்), ஒரு கம்பியை ரெண்டு கார்டு பகிர்ந்துக்க முடியாது. பிசிஐ லெவல் ட்ரிகர் (சிக்னல் இருக்கற வரைக்கும் கவனிக்கும்), பகிர்ந்துக்கலாம். ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சுக்கும்போது எந்தக் கால் எந்த ரகம்னு கெர்னல் கணக்கு வச்சுக்கணும்.

கடைசியா கண்டுபிடிக்கற பிரச்சினை. பிசிஐல ஒவ்வொரு கார்டும் 'நான் இன்னார்'னு சொல்லும். ஐஎஸ்ஏல அந்தப் பேச்சே இல்ல (1993-ல ப்ளக் அண்ட் ப்ளே வந்தது, பழைய கார்டுக்கு அது உதவாது). அதனால டிரைவர் வழக்கமான போர்ட்ல போய் தட்டிப் பாக்கும், ஏதாவது எழுதிப் படிச்சு 'நம்ம சிப் மாதிரி நடந்துக்குதா'ன்னு. பிசில ஆள் இல்லாத போர்ட்டைப் படிச்சா 255 வரும், யாருக்கும் சேதமில்ல. பவர்மேக்ல (ஆப்பிளோட பவர்பிசி மெஷின்) அதே காரியத்தைப் பண்ணா மெஷின் செக் எக்ஸப்ஷன், அதாவது ஹார்டுவேர் எரர், கெர்னலே மல்லாந்துடும். அதனால லினக்ஸோட பழைய 32 பிட் பவர்பிசி கோட்ல 'இன்பி'க்குள்ளயே அந்த எக்ஸப்ஷனைப் புடிச்சு, ஒண்ணும் இல்லாத மாதிரி எல்லா பிட்டும் 1-ன்னு திருப்பிக் கொடுக்கற ஏற்பாடு இருந்தது. கீபோர்டு கன்ட்ரோலர், ஃப்ளாப்பி டிரைவருக்கெல்லாம் 'இந்த மெஷின்ல இந்தப் பழைய போர்ட் இருக்கா'ன்னு முன்னாடியே கேக்கறதுக்கு 'செக் லெகசி ஐஓபோர்ட்'னு ஒரு ஃபங்ஷனையும் வச்சாங்க. பிசி தவிர மத்த இடத்துல தட்டிப் பாக்காம, ஃபர்ம்வேர் கொடுக்கற டிவைஸ் ட்ரீல (மெஷின்ல என்னென்ன டிவைஸ் எங்க இருக்குங்கற பட்டியல்) என்ன எழுதியிருக்கோ அதை நம்பறதுதான் நல்லதுன்னு எல்லாரும் வந்து சேந்த இடம் அது.

சரி, இன்னைக்கு ஐஎஸ்ஏ ஸ்லாட்டே இல்லையே, இதெல்லாம் எதுக்குன்னா, ஸ்லாட்டுதான் போச்சு. 1998-ல இன்டெல் கொண்டுவந்த எல்பிசி பஸ் கம்பியைக் குறைச்சதே தவிர சாஃப்ட்வேர் கண்ணுக்கு அதே ஐஎஸ்ஏதான். உங்க லினக்ஸ் பிசில ப்ராக் டைரக்டரிக்குள்ள ஐஓபோர்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், ரூட்டா திறந்து பாருங்க (ரூட் இல்லைன்னா எல்லாம் பூஜ்யமா காட்டும்), ஹெக்ஸ் 20-ல இன்டரப்ட் கன்ட்ரோலர், 60-ல கீபோர்டு, 1981-ல வச்ச அதே இடத்துல இருக்கும். க்யூஎமுல பிசிஐயே இல்லாம ஐஎஸ்ஏ மட்டும் இருக்கற ஒரு மெஷின் டைப்பும் உண்டு. அதே க்யூஎமுவோட ரிஸ்க்-வி மெஷின்ல 16550 ஹெக்ஸ் 10000000-ல உக்காந்திருக்கு, ஐஎஸ்ஏ வாடையே இல்லாம.

இதுக்கு நேர் எதிரா தூக்கற வேலையும் நடக்குது. ஐபிஎம் 1987-ல ஐஎஸ்ஏக்கு மாத்தா கொண்டுவந்த எம்சிஏ பஸ்ஸை லினக்ஸ் 2012-ல 3.5 வெர்ஷன்ல மொத்தமா எடுத்துட்டாங்க, யாரும் பெருசா அழல. இப்போ சமீபத்துல 'இந்த ப்ராசசர்ல ஐஓ போர்ட்னு ஒண்ணு உண்டா'ன்னு ஒரு கான்ஃபிக் ஆப்ஷனே வந்தாச்சு, எஸ்390 மாதிரி மெயின்ஃப்ரேம்ல கிடையாதுன்னா 'இன்பி' கூப்பிடற டிரைவர் அங்க கம்பைலே ஆகாது. எல்லாரும் பிசி வேஷம் போடணும்னு இருந்த லினக்ஸ், வேஷம் கட்டாயமில்லைன்னு சொல்ல இவ்ளோ வருஷம் ஆச்சு.

கோட்ல பாக்கணும்னா நெட்பிஎஸ்டி சோர்ஸ்ல 'காம்' டிரைவரோட (16550 சீரியல் போர்ட்டை ஓட்டறது) ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு படிங்க, ஐசி ஃபோல்டர்ல இருக்கறது பெருசு, ஐஎஸ்ஏ ஃபோல்டர்ல இருக்கறது குட்டி. குட்டியை முதல்ல படிங்க, மேட்ச், அட்டாச்னு ரெண்டு ஃபங்ஷன்தான் முக்கியம், டேக்கும் ஹேண்டிலும் எங்க கை மாறுதுன்னு அங்கயே தெரிஞ்சுடும்.